தாத்தாவின் ஹெரால்டும் ஐந்து சக்கரங்களும்

கோடை விடுமுறை முடிந்து தில்லிக்குத் திரும்பியதும் விடுதி நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஊரிலிருந்து என்னப்பா கொண்டுவந்தாய்?" என்பதுதான். சென்ற ஆண்டு மணப்பாறை முறுக்கும் பாட்டியின் பருப்புப் பொடியும் கொண்டுவந்தேன். இந்த ஆண்டு அவற்றோடு நகக்கண்களில் கொஞ்சம் வெள்ளி வர்ணமும் வந்து சேர்ந்தது. எத்தனை தேய்த்தும் போகவில்லை. சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்த பஞ்சாபி நண்பன் அதைப் பார்த்துவிட்டு, "உங்கள் ஊரில் ஆண்பிள்ளைகளும் நகத்துக்குச் சாயம் பூசுவது உண்டோ?" என்று கேட்டான். நடந்ததைச் சொன்னேன். அடுத்த மேஜையில் நம் தமிழ் மன்றப் பத்திரிகையின் ஆசிரியர் இருந்தார். "இதையே எழுதிக் கொடுத்துவிடு" என்றார். விஷயப் பஞ்சம் போலும்! எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருச்சியில், பொன்மலையில் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1928-ல் பொன்மலைக்கு வந்தது. அந்தப் பணிமனையில்தான் என் தாத்தா சுமார் நாற்பது வருஷம் வேலை பார்த்தார். இப்போது அவருக்கு வயது எண்பத்து மூன்று. காது நன்றாகக் கேட்கும். கண்தான் சரியில்லை. எதிரே வருவது மாடா மனிதரா என்று பத்தடி தூரத்தில் வந்த பிறகுதான் தெரியும். அவர் கார் ஓட்டுவதை நிறுத்தி நான்கு வருஷம் ஆகிறது. என் தகப்பனார் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. ஆகவே தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேப்பமரத்தடியில் வேப்பம்பூவைச் சுமந்துகொண்டு சும்மா நின்றது.

ஹெரால்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு என்ற காரை, சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூருக்கு அருகில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை, 1961 முதல் சுமார் பத்து வருஷம் இந்தியாவில் செய்து விற்றது. உருவம் வரைந்து கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். எஞ்சின் 948 கன சென்டிமீட்டர். மற்றக் கார்களில் எஞ்சினைப் பார்க்க மூடியைத் தூக்குவார்கள். இதிலோ விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதுமே முதலை வாய் திறப்பதுபோல் முன்னோக்கிச் சாயும். சிறுவனாக இருந்தபோது அந்த வாய்க்குள் முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து, தாத்தா ஸ்பானர் கேட்கும்போது எடுத்துக் கொடுப்பதுதான் என் ஞாயிற்றுக்கிழமை. கல்கத்தா அம்பாஸடரும் பம்பாய் பியட்டும் ஓடிய காலத்தில், நம் சென்னைச் சீமையிலிருந்து போட்டிக்கு வந்த வண்டி அது. தாத்தாவுக்கு அதில் ஒரு பெருமை.

சென்ற மே மாதம் நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது, வண்டியை விற்பது என்று முடிவாகியிருந்தது. வீட்டுக் கூரை ஒழுகுகிறது. எனக்குக் கடைசி வருஷப் படிப்புச் செலவு நிற்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்து விலை பேசிவிட்டார். பழைய கார்களில் ஆசை உள்ளவர். ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளைப் பழம்பெரும் வண்டி என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய சர்க்கார் விதி வகுத்ததிலிருந்து, இப்படிப்பட்டவர்களுக்கு உற்சாகம் கூடியிருக்கிறது. "வாங்கியதும் முதல் வேலை, குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போவதுதான்" என்று சொன்னாராம். "சக்கரம் மட்டும் அசிங்கமாக இருக்கிறது. அதைச் சரி செய்து கொடுத்துவிடுங்கள்" என்று கேட்டாராம்.

சக்கரங்கள் அசிங்கமாகத்தான் இருந்தன. மேலே நீலம், நீலம் உரிந்த இடத்தில் கறுப்பு, அதுவும் உரிந்த இடத்தில் துரு. வர்ணக் கடையில் கேட்ட கூலி தாத்தாவுக்குப் பிடிக்கவில்லை. "நாமே செய்யலாம். என் கண்ணும் உன் கையும் சேர்ந்தால் ஒரு ஆள் ஆகாதா?" என்றார்.

நான் பி.எஸ்ஸி.யில் பௌதிகம் படிப்பவன். ஜடத்துவத் திருப்புத்திறன் கணக்கெல்லாம் போடுவேன். ஆனால் ஒரு சக்கரத்தைக் கழற்றியதில்லை. வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு வீல் நட்டைத் திருகினேன். நட்டு அசையவில்லை, சக்கரந்தான் சுற்றியது. தாத்தா திண்ணையில் இருந்தபடியே சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்த வேண்டும், பிறகுதான் தூக்க வேண்டும் என்பது அன்று கற்ற முதல் பாடம். ஜாக்கியை நம்பி வண்டியைத் தொங்க விடக்கூடாது என்பது இரண்டாவது பாடம். பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகள் நான்கு வீட்டில் கிடந்தன. அவற்றின் மேல் ஹெரால்டு யோகாசனம் போல் அமர்ந்தது. ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து சக்கரங்களையும் பஞ்சர் கடைக்கு உருட்டிக்கொண்டு போய், டயரும் டியூபும் கழற்றிவந்தேன். டயரைக் கழற்றாமலே, ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் சீட்டுக்கட்டுச் சீட்டுகளை வரிசையாகச் செருகிவிட்டு வர்ணம் அடிக்கலாம் என்று எங்கேயோ பார்த்திருந்தேன். தாத்தாவிடம் சொன்னேன். "மூஞ்சி மட்டும் கழுவிட்டுக் குளிச்சேன்னு சொல்றவன் செய்யற வேலை அது" என்றார்.

பிறகு பத்து நாள் சுரண்டல். வர்ணம் பூசுவது என்றால் பூசுவது என்றே நினைத்திருந்தேன். பூசுவது கடைசி ஒரு மணி நேரந்தான், மீதியெல்லாம் சுரண்டுவது. முதலில் சோப்புத் தண்ணீர். பிறகு மண்ணெண்ணெய் தொட்டு கிரீஸ் நீக்குதல். பிறகு கம்பிப் பிரஷ். பிறகு உப்புத்தாள். முதலில் எண்பதாம் நம்பர், அப்புறம் இருநூற்று இருபது, கடைசியில் நானூறு. உலர்ந்தபடி தேய்க்காமல் தண்ணீர் விட்டு நனைத்துத் தேய்த்தோம், மூக்கில் துணியும் கட்டிக்கொண்டோம். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கலாம், அதன் தூள் உடம்புக்கு ஆகாது. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு அரை நூற்றாண்டு முந்திய சக்கரத்தில் என்ன இருக்கும் என்று யார் கண்டது? நீலம் போய்க் கறுப்பு வந்தது. கறுப்பு போய் வெள்ளி வந்தது. தாத்தா விரலால் தடவி, "இதுதான். நான் வாங்கும்போது இந்த வர்ணந்தான்" என்றார். கண்ணுக்குத் தெரியாத வர்ணத்தை விரல் எப்படி அறிந்தது என்று நான் கேட்கவில்லை.

மூன்றாவது சக்கரம், இடது பின்பக்கத்துச் சக்கரம், அதில்தான் என் கதை இருக்கிறது. சுரண்டி முடித்து ஈரத்துணியால் துடைத்தபோது, வீல் நட்டு வரும் நான்கு துளைகளில் ஒன்றின் ஓரத்திலிருந்து ஒரு கோடு புறப்பட்டு அடுத்த துளையை நோக்கிப் போவது தெரிந்தது. ஓர் அங்குல நீளம் இருக்கும். தலைமயிர் கனம். உப்புத்தாளின் கீறலாக இருக்கலாம் என்று நானூறாம் நம்பரால் தேய்த்தேன், போகவில்லை. நகத்தால் குறுக்கே வருடினேன், நகம் தட்டியது.

அது விரிசல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாது என்று இன்று எழுதினால் அது பொய்.

அப்போது என் மனம் போட்ட கணக்கை அப்படியே சொல்கிறேன். சக்கரம் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. ஹெரால்டுக்கு வேறு சக்கரம் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஸ்டெப்னியை மாட்டினால் ஸ்டெப்னி இல்லாத வண்டி ஆகிவிடும், பேசிய விலையைக் குறைப்பார். குறைகிற பணம் யாருடைய பணம்? என் படிப்புச் செலவு. தாத்தாவுக்கோ கண் தெரியாது. வண்டியை நாம் ஓட்டப் போவதில்லை.

பட்டி டப்பா பக்கத்தில்தான் இருந்தது. கத்தி நுனியால் எடுத்து அந்தக் கோட்டின் மேல் இழுத்தேன். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டேன். அரை மணி நேரத்தில் கோடு இல்லை. இவ்வளவு சுலபமான வேலை அந்தப் பத்து நாளில் வேறு எதுவும் இல்லை.

மறுநாள் காலை பிரைமர் அடிப்பது. அதற்கு முன் தாத்தா ஐந்து சக்கரங்களையும் பாயில் வரிசையாக வைக்கச் சொன்னார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். முதல் சக்கரம், சரி. இரண்டாவது, சரி. மூன்றாவதில் கை ஒரு சுற்று போய், திரும்பிவந்து, அந்தத் துளையின் ஓரத்தில் நின்றது.

"இங்கே மட்டும் என்னடா வழுவழுப்பா இருக்கு?"

"சின்னப் பள்ளம் தாத்தா. பட்டி வச்சேன்" என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. விரல் மட்டும் அங்கேயே இருந்தது. பிறகு, "கம்பிப் பிரஷை எடு. பட்டியை எடுத்துடு. பாட்டிகிட்டே மண்ணெண்ணெய் வாங்கிட்டு வா. உன் தங்கச்சி பெட்டியிலே சாக்பீஸ் இருக்கும், ரெண்டு எடுத்துக்கோ" என்றார்.

சொன்னபடி செய்தேன். துளைகளைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவி, ஒரு மணி நேரம் ஊற விட்டோம். பிறகு துணியால் சுத்தமாகத் துடைத்து உலர்த்தினோம். அதன் மேல் சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்கினோம். தாத்தா சின்னச் சுத்தியலால் ரிம்மை நாலு தட்டுத் தட்டினார். "இப்போ பார். என்ன தெரியுதுன்னு எனக்குச் சொல்லு."

பார்த்தேன். வெள்ளையின் நடுவில் ஒரு கறுத்த ஈரக்கோடு மெல்ல எழுந்தது. நான் மூடிய அதே இடத்தில், நான் பார்த்ததைவிட நீளமாக, ஏறக்குறைய இரண்டு அங்குலத்துக்கு. விரிசலுக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து சாக்குத்தூளில் ஊறுகிறது. ரயில் இருசுகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, ஒலியலைக் கருவிகள் வருவதற்கு முன்னால் பணிமனைகளில் கையாண்ட பழைய முறை அது. தாத்தாவுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள் சொல்லிக்கொடுத்தது.

"ரெண்டு அங்குலம் இருக்கு தாத்தா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"வர்ணம் எதுக்குடா பூசறோம்?"

"துரு பிடிக்காம இருக்க. பார்க்க நல்லா இருக்க."

"சரி. நேத்து நீ பூசினது இதிலே எதுக்கு?"

பதில் இல்லை. அவர் பதிலை எதிர்பார்க்கவும் இல்லை. வெல்டிங் வைத்துவிடலாமே என்று தயங்கிக் கேட்டேன். தலையை ஆட்டினார். வண்டியின் பாரம் முழுவதும் அந்தத் துளைகளைச் சுற்றித்தான் இறங்குகிறது, சூடு பட்ட இடத்தின் ஓரத்தில் இரும்பின் குணம் மாறிப் புது விரிசல் பிறக்கும் என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தக் கோட்டைப் பற்றி இங்கே வந்த பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். உலோகச் சோர்வு என்பது அதன் பெயர். ஒரே தடவை பெரிய பாரம் ஏற்றினால் உடையாத இரும்பு, சிறிய பாரத்தை லட்சக்கணக்கான தடவை தாங்கித் தாங்கி ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். 1842-ல் பிரான்சில் வெர்சேல்ஸிலிருந்து பாரீஸுக்குத் திரும்பிய ரயிலில் எஞ்சினின் இருசு இப்படித்தான் முறிந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகு ஜெர்மனியில் வோலர் என்ற ரயில்வே எஞ்சினியர் இருசுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துப் பல வருஷம் சோதனை செய்து இந்தச் சோர்வுக்குக் கணக்குக் கண்டார். ஹெரால்டின் சக்கரம் சிறியது, பதின்மூன்று அங்குல ரிம். கிலோமீட்டருக்கு ஐந்நூறு சுற்றுக்கு மேல் சுற்றும். திருச்சியிலிருந்து மதுரை போய்ச் சேருவதற்குள் ஏறத்தாழ எழுபதாயிரம் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கோடு கொஞ்சம் திறந்து மூடும். மலை வளைவுகளிலோ பாரம் பக்கவாட்டிலும் இழுக்கும். கொடைக்கானல் சாலையில் எத்தனை வளைவுகள்! பின் ஆசனத்தில் அந்தக் குழந்தைகள். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவன் நான். முதல் நாளே போட்டிருக்க வேண்டியவன்.

தாத்தா டெலிபோன் நம்பரைக் கொடுத்து, "நீயே சொல்லு" என்றார். அப்பா சொல்லட்டுமே என்றேன். "கண்டது நீ. மூடினதும் நீ" என்றார். பேசினேன். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் மௌனம். "நேரில் வருகிறேன் தம்பி" என்றார்.

வந்தார். பிரைமர் அடிக்காத சக்கரங்களைக் காட்டினோம். மற்ற நான்கையும் தம் எதிரிலேயே மண்ணெண்ணெயும் சாக்பீஸும் வைத்துச் சோதிக்கச் சொல்லி, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பார்த்தார். நான்கிலும் கோடு இல்லை. இதைப் படிக்கும் நண்பர்கள், அவர் எங்கள் நேர்மையை மெச்சிப் பேசிய விலையையே கொடுத்தார் என்று எதிர்பார்க்கலாம். கதைகளில் அப்படி நடக்கும். இவர் ஸ்டெப்னி இல்லாத வண்டிக்குப் பத்தாயிரம் குறைக்க வேண்டும் என்றார். அப்பா பேசிப் பேசி ஏழாயிரத்தில் நிறுத்தினார். ஏழாயிரம் போனது போனதுதான். அந்த இரவு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் தூக்கம் வந்தது. அதற்கு முந்திய இரவு, பட்டி வைத்த இரவு, வரவில்லை.

பிறகு வர்ணம். ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு பூச்சு, காய்ந்ததும் அறுநூறாம் நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரு தடவல், அப்புறம் வெள்ளி. திருச்சி மே மாதத்தில் பகலில் ஸ்ப்ரே அடித்தால், வர்ணம் சக்கரத்தைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்து மாவுபோல் ஒட்டும். ஆகவே விடியற்காலையில், முற்றத்தில் தண்ணீர் தெளித்துப் புழுதி அடக்கி, அடித்தோம். ஒரு சாண் தூரம் தள்ளிப் பிடிக்க வேண்டும். சக்கரத்துக்கு வெளியே தொடங்கி, வெளியே முடிக்க வேண்டும். ஒரே தடவையில் மூடிவிட ஆசைப்பட்டால் கண்ணீர்போல் வழியும். மெல்லிய பூச்சாக நான்கு, நடுநடுவே கால் மணி நேரம். நட்டு வந்து உட்காரும் கூம்புப் பள்ளங்களிலும், சக்கரம் வண்டியோடு ஒட்டும் முகத்திலும் வர்ணம் படாமல் காகிதம் ஒட்டி மறைத்தோம். அங்கே வர்ணம் கனமாக இருந்தால் நாளடைவில் நசுங்கி நட்டுத் தளர்ந்துவிடும். ஒரு வாரம் நிழலில் ஆறவைத்து டயர் மாட்டினோம். நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கினேன். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை முடுக்கும்படி வாங்கியவரிடம் தாத்தா இரண்டு தடவை சொன்னார்.

ஐந்தாவது சக்கரத்துக்கு மட்டும் வர்ணம் இல்லை. அதைத் தாத்தா பழைய இரும்புக்காரனுக்கு முழுதாகக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. "எவனாவது பட்டி வச்சு வித்துடுவான்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னார். ரம்பம் எடுத்து அதை இரண்டாக அறுக்கச் சொன்னார். கை கொப்புளித்தது. அறுத்தேன்.

ஜூன் முதல் வாரத்தில் ஹெரால்டு வாசலை விட்டுப் போயிற்று. தாத்தா வெளியே வரவில்லை. உள்ளே ஈஸிசேரில் சாய்ந்து, எஞ்சின் சத்தம் தெருமுனை திரும்பும்வரை கேட்டார். "மூணாவது கியர் போட்டுட்டான்" என்று மட்டும் சொன்னார்.

இனி ஒரு விஷயம். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சென்ற வருஷம் சோதனைச்சாலையில் ஊசல் தண்டால் புவியீர்ப்பு வேகவளர்ச்சியை அளந்தேன். 9.8 வர வேண்டும். எனக்கு 9.3 வந்தது. இரண்டு மூன்று அளவுகளை மாற்றி எழுதி 9.8 ஆக்கினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. நம்மில் பலர் செய்வதுதான், நண்பர்களே. அதைத் தப்பு என்று நான் நினைத்ததுகூட இல்லை. பட்டி வைக்க என் கை அன்று தயங்காததற்கு, இங்கே பெற்ற பழக்கமும் ஒரு காரணமோ என்று ரயிலில் வரும்போது தோன்றியது.

இந்தப் பருவத்தில் வேறொரு சோதனையில் விடை மறுபடி கோணலாக வந்தது. அப்படியே எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்து இரண்டு மதிப்பெண் குறைத்தார். ஆனால், ஏன் கோணலாக வந்தது என்று தேடிப் பார்க்க அன்று மாலை சோதனைச்சாலையில் இருந்துவிட்டேன். தண்டைத் தாங்கும் கத்திமுனை ஒரு பக்கம் மழுங்கியிருந்தது. எத்தனை வருஷமாக அப்படி இருக்கிறதோ, எத்தனை பேர் அதன் மேல் 9.8 என்று பூசிவிட்டுப் போனார்களோ தெரியவில்லை.

விடுதியிலிருந்து தாத்தாவுடன் பேசும்போது இதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கத்தியை மாத்தினாங்களா?" என்று கேட்டார்.

இன்னும் இல்லை. நாளை போய்க் கேட்க வேண்டும்.